நாடு கடத்தப்பட்ட தளபதி: ஒராபி பாஷாவும் ஊர் திரும்பும் உரிமையும்

நல்லூர் முத்திரைச் சந்தியைக் கடந்து செல்வோர் சங்கிலி மன்னனின் சிலையைக் காணாமல் செல்ல முடியாது. யாழ்ப்பாணத்தின் கடைசி அரசனான அவன் 1619ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரிடம் சிறைப்பட்டான். பின்னர் மேற்குக் கரையிலுள்ள கோவாவுக்குக் கொண்டு செல்லப்பட்டு அங்கேயே கொல்லப்பட்டான். நல்லூருக்கு அவன் திரும்பவில்லை. கண்டியின் கடைசி மன்னனான ஸ்ரீ விக்கிரமராஜசிங்கனும் அவ்வாறே. 1816இல் கடல் கடத்தப்பட்ட அவன், வேலூர்க் கோட்டையில் காவலில் வைக்கப்பட்டு 1832இல் மறைந்தான். தனக்கு இடையூறானவர்களைக் கடலுக்கு அப்பால் அனுப்பிவிட்டு, மண் அவர்களை மறந்துவிடும் எனக் காத்திருப்பது அந்நிய ஆதிக்கத்தின் பழைய வழக்கமாகும்.

இதே வழக்கத்தின்படி, பிறநாட்டவர் சிலருக்கு எமது தீவே சிறையாக்கப்பட்டது. அவ்வாறு இங்கு கொண்டுவரப்பட்டவர்களுள் பெரும் புகழ் பெற்றவர் எகிப்தியப் படைத் தளபதி அஹ்மத் ஒராபி பாஷா ஆவார். இலங்கையின் தமிழரும் முஸ்லிம்களும் அவர் பெயரை அறிவர். கொழும்பு மருதானையில் அவர் பெயரில் ஒரு வீதி உண்டு. ஆயினும் அவர் வாழ்வின் முழு வரலாறு எம்மவருள் பலருக்குத் தெரியாது. சொந்த ஊரைவிட்டுப் பிரிதல், காத்திருத்தல், திரும்புதல் என்பவற்றை நன்கறிந்த வடபுலத்து மக்களாகிய நாம் அறிந்திருக்க வேண்டிய வரலாறு அது.

ஒராபி 1841ஆம் ஆண்டில் எகிப்தின் ஷர்க்கியா மாகாணத்தில் ஸகாஸீக் நகருக்கு அண்மையிலுள்ள ஒரு சிற்றூரில் பிறந்தார். தந்தையார் அவ்வூரின் தலைவர். மகனுக்கு எட்டு வயதளவில் தந்தையார் கொள்ளை நோய்க்குப் பலியானார். பின்னர் கெய்ரோவின் புகழ்பெற்ற அல்-அஸ்ஹரில் சில ஆண்டுகள் சமயக் கல்வி கற்றார். மார்க்க அறிஞராக வளர்ந்திருக்க வேண்டிய அவரது பாதையை மாற்றியது அன்றைய ஆட்சியாளர் ஸயீத் பாஷாவின் ஆணை ஒன்றாகும். ஊர்த் தலைவர்களின் பிள்ளைகளும் படையில் சேர வேண்டும் என்பதே அந்த ஆணை. 1854இல் ஒராபி படைவீரரானார்.

அக்காலத்து எகிப்து, பெயரளவில் துருக்கிய உதுமானியப் பேரரசின் ஒரு பகுதி. படையின் உயர் பதவிகள் யாவும் துருக்கிய, சேர்க்காசிய வழிவந்தோரின் கையில் இருந்தன. மண்ணின் மைந்தனான உழவன் வரி கொடுக்கலாம், போரில் சாகலாம். ஆனால் கட்டளையிட முடியாது. ஸயீத் பாஷாவின் காலத்தில் இந்நிலை சற்றுத் தளர்ந்தது. அதன் பயனாகவே உழவர் குடியில் பிறந்த ஒராபி, 20 வயதளவில் லெப்டினன்ட் கேணல் தரத்தை எட்டினார். 1863இல் இஸ்மாயில் ஆட்சிக்கு வந்ததும் பழைய நிலை மீண்டது. திறமையால் ஏறிய ஒராபி, பிறப்பால் மேலானோர் எனக் கருதப்பட்டவர்கள் தம்மைத் தாண்டிச் செல்வதை ஆண்டுக்கணக்கில் பார்த்திருக்க வேண்டியதாயிற்று. 1875, 1876ஆம் ஆண்டுகளில் அபிஸீனியா மீது எகிப்து தொடுத்த போர் படுதோல்வியில் முடிந்தது. போக்குவரத்துப் பிரிவில் பணியாற்றிய அவர், தகுதியற்ற தலைமை எத்தனை உயிர்களைப் பலிகொள்ளும் என்பதை அங்கு நேரிற் கண்டார்.

மறுபுறம் நாடே கடனில் மூழ்கிக்கொண்டிருந்தது. இஸ்மாயிலின் ஆடம்பரமும் ஐரோப்பிய வங்கிகளின் கடும் வட்டியும் சேர்ந்து எகிப்தை விழுங்கின. 1875இல் சுயெஸ் கால்வாய்க் கம்பனியில் எகிப்துக்கு இருந்த பங்குகள் சுமார் 40 இலட்சம் பவுணுக்குப் பிரித்தானியாவுக்கு விற்கப்பட்டன. அடுத்த ஆண்டே பிரித்தானியாவும் பிரான்ஸும் எகிப்தின் வரவு செலவைக் கண்காணிக்கத் தொடங்கின. கடன் கொடுத்தவனே கணக்கனாகவும் வந்து அமர்ந்தான். 1879இல் இஸ்மாயில் பதவி நீக்கப்பட்டு அவர் மகன் தௌபீக் ஆட்சியில் அமர்த்தப்பட்டார். செலவைக் குறைப்பதற்காகப் படையினரின் தொகை குறைக்கப்பட்டது. முதலில் வெளியேற்றப்பட்டவர்கள் எகிப்தியர்களே.

இந்த அநீதியை எதிர்த்து மனுக் கொடுத்த மூன்று கேணல்களுள் ஒராபியும் ஒருவர். 1881 பெப்ரவரி 1ஆம் திகதி மூவரும் கெய்ரோவிலுள்ள படை அமைச்சுக்கு அழைக்கப்பட்டுக் கைது செய்யப்பட்டனர். செய்தி பரவியதும் அவர்களின் படைப்பிரிவினரே வந்து அவர்களை விடுவித்தனர். படை அமைச்சர் பதவி இழந்தார். அதே ஆண்டு செப்டெம்பர் 9ஆம் திகதி ஒராபி தம் படையினருடன் ஆப்தீன் அரண்மனை முன்றிலில் அணிவகுத்து நின்று, ஆட்சியாளர் தௌபீக்கிடம் மூன்று கோரிக்கைகளை முன்வைத்தார். அமைச்சரவை விலக வேண்டும். மக்கள் பிரதிநிதிகளின் சபை கூட்டப்பட வேண்டும். படை 18,000 பேராக உயர்த்தப்பட வேண்டும். படைவீரர் ஒருவர் தம் பதவி உயர்வைக் கேட்கவில்லை, பாராளுமன்றத்தைக் கேட்டார் என்பதே அந்நாளின் சிறப்பு. எகிப்து எகிப்தியருக்கே என்னும் முழக்கம் அவ்வியக்கத்தோடு நாடெங்கும் பரவிற்று.

1882இன் தொடக்கத்தில் கவிஞரும் படைத் தலைவருமான மஹ்மூத் ஸாமி அல்-பாரூதி தலைமையில் அமைந்த அமைச்சரவையில் ஒராபி படை அமைச்சரானார். தமது கடனும் கால்வாயும் கைநழுவிவிடும் என லண்டனும் பாரிஸும் அஞ்சின. இரு நாட்டுப் போர்க்கப்பல்களும் அலெக்சாந்திரியாத் துறைமுகத்தின் முன் வந்து நின்றன. ஜூன் 11ஆம் திகதி அந்நகரில் வெடித்த கலவரத்தில் ஐரோப்பியரும் எகிப்தியருமாகப் பலர் உயிரிழந்தனர். ஜூலை 11ஆம் திகதி பிரித்தானியக் கப்பல்கள் நகரின் கோட்டைகள் மீது நாள் முழுவதும் குண்டு பொழிந்தன. பிரெஞ்சுக் கப்பல்கள் அதில் கலந்துகொள்ளாது விலகிச் சென்றன. தௌபீக் பிரித்தானியரிடம் அடைக்கலம் புகுந்து, நாட்டைக் காக்க நின்ற தம் அமைச்சரையே கிளர்ச்சிக்காரர் என அறிவித்தார்.

ஒராபி முதலில் அலெக்சாந்திரியாவுக்கு அண்மையில் அரண் அமைத்து எதிரியைத் தடுத்து நிறுத்தினார். ஆனால் எதிரி வேறு வழியால் வந்தான். கால்வாய் நடுநிலையானது, அதனூடாகப் படை வராது என்று கால்வாயை உருவாக்கிய லெசெப்ஸ் அளித்த உறுதியை நம்பி, ஒராபி உரிய வேளையில் அதனை அடைக்கத் தவறினார். தளபதி வூல்ஸ்லியின் படை அக்கால்வாயினூடாகவே உள்ளே நுழைந்தது. இந்தியாவிலிருந்து அனுப்பப்பட்ட படைகளும் அதனுடன் இணைந்தன. சென்னை மாகாணத்தின் சப்பர்ஸ் பிரிவினரும் அவற்றுள் இருந்தனர். ஓர் அடிமை நாட்டின் வீரர்கள் இன்னொரு நாட்டை அடிமைப்படுத்தும் பொருட்டு மேற்கே கப்பலேறிய அவலத்தை நாம் மறத்தல் ஆகாது. போரின் இறுதிக் கட்டத்தில் உதுமானிய சுல்தானும் ஒராபியைக் கிளர்ச்சிக்காரர் என அறிவித்தமை அவரது படையின் மனவலிமையைக் குலைத்தது. செப்டெம்பர் 13ஆம் திகதி விடியற்பொழுதில் தெல் அல்-கபீரில் நடந்த சமர் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிட்டது. மறுநாள் கெய்ரோ வீழ்ந்தது. சிறிது காலத்துக்கே என்று சொல்லி வந்த பிரித்தானியப் படையின் கடைசி வீரன் எகிப்தைவிட்டு வெளியேற 1956 வரை செல்ல வேண்டியிருந்தது.

ஒராபியைத் தூக்கிலிட வேண்டும் என்பதே தௌபீக்கின் விருப்பம். அதனைத் தடுத்தவர்களுள் முதன்மையானவர் வில்ஃபிரட் புளண்ட் என்னும் ஆங்கிலேயக் கவிஞர். தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டு ஆங்கிலச் சட்டத்தரணிகளை அமர்த்தி, வழக்கு இருட்டறையில் முடிந்துவிடாமற் காத்தார். ஓர் இனத்தை முழுமையாகப் பகையென எண்ணுவது எத்துணைப் பிழை என்பதற்கு புளண்ட் ஒருவரே போதிய சான்று. 1882 டிசம்பர் 3ஆம் திகதி வழங்கப்பட்ட மரண தண்டனை, அப்பொழுதே ஆயுட்கால நாடு கடத்தலாக மாற்றப்பட்டது. பட்டங்கள் பறிக்கப்பட்டன. சொத்துகள் பறிமுதலாயின. ஒராபியும் அவரின் தோழர் அறுவரும் குடும்பத்தினருடனும் பணியாட்களுடனும் அம்மாத இறுதியில் சுயெஸில் கப்பலேறினர். 1883 ஜனவரி 10ஆம் திகதி அக்கப்பல் கொழும்புத் துறையை அடைந்தது.

கைதிகளாக வந்தவர்களை இலங்கை முஸ்லிம்கள் விருந்தினராக வரவேற்றனர். பேரரசு ஒன்றை எதிர்த்து நின்ற வீரரைக் காணத் துறைமுகத்தில் மக்கள் திரண்டனர். இஸ்லாமிய மரபில் ஆதம் நபியுடன் சேர்த்துப் பேசப்படும் ஸரந்தீப் தீவுக்கே தாம் வந்திருப்பது ஒராபிக்கு ஓரளவு ஆறுதலளித்தது. தீவைவிட்டு வெளியேறுவதில்லை என்னும் வாக்குறுதியின் பேரில் அவர்கள் இங்கு நடமாட அனுமதிக்கப்பட்டனர். சுவர் இல்லாத சிறை அது. கடலே சுவர்.

அவ்வேளையில் இலங்கை முஸ்லிம் சமூகம் ஒரு திருப்புமுனையில் நின்றது. வணிகத்தில் முன்னேறியிருந்த அச்சமூகம் நவீன கல்வியில் பின்தங்கியிருந்தது. மதம் மாற்றிவிடுவார்களோ என்னும் அச்சத்தால் மிஷன் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பப் பலர் தயங்கினர். இதே அச்சத்துக்கு யாழ்ப்பாணத்துச் சைவர்களிடையே நல்லூர் ஆறுமுக நாவலர் 1848இலேயே விடை கண்டிருந்தார். வண்ணார்பண்ணையில் சொந்தப் பாடசாலையும் அதனைத் தொடர்ந்து அச்சகமும் நிறுவியதே அவ்விடை. முஸ்லிம்களிடையே அதே விடையைத் தேடியவர் கண்டியைச் சேர்ந்த சட்டத்தரணி சித்திலெப்பை ஆவார். ஒராபி வருவதற்குச் சற்று முன்னர், 1882இல், அவர் முஸ்லிம் நேசன் என்னும் அறபுத் தமிழ் வார இதழைத் தொடங்கியிருந்தார். 1885இல் அவர் எழுதி வெளியிட்ட அசன்பேயுடைய கதை என்னும் நூல், ஈழத்துத் தமிழ் நாவல்களின் முன்னோடி எனப் போற்றப்படுகிறது. அதன் நாயகன் எகிப்தில் பிறந்தவன் என்பது நோக்கத்தக்கது. கெய்ரோவின் நினைவு அன்று கண்டியிலும் கொழும்பிலும் எவ்வளவு நெருங்கியிருந்தது என்பதனை இது உணர்த்தும்.

எகிப்தின் மாற்றங்களைக் கண்டிருந்த ஒராபி, சித்திலெப்பையின் முயற்சிக்குத் தம் பெயரையும் மதிப்பையும் துணையாக்கினார். சமயக் கல்வியும் உலகக் கல்வியும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதனை அல்-அஸ்ஹரில் பயின்ற ஒருவர் எடுத்துரைத்தபோது மக்கள் செவிசாய்த்தனர். கொழும்பு நூதனசாலைக் கட்டடத்தை எழுப்பிப் புகழ் பெற்ற வாப்பிச்சி மரிக்காரும் பிறரும் கைகொடுத்தனர். 1892 ஆகஸ்ட் மாதம் மருதானையில் அல்-மத்ரஸதுஸ் ஸாஹிரா தொடங்கப்பட்டது. இன்று ஸாஹிராக் கல்லூரி என நாடறிந்து விளங்கும் பாடசாலை அதுவே. நாடு பறிக்கப்பட்ட ஒருவர் தாம் தங்க நேர்ந்த நாட்டுக்கு விட்டுச் சென்ற கொடை அது.

எனினும் ஒராபியின் உள்ளம் மேற்கேதான் இருந்தது. இலங்கையில் நின்று தொழுபவரின் முகம் மேற்குத் திசையைத்தான் நோக்கும். மக்காவும் அத்திசையில், அதற்கப்பால் எகிப்தும் அத்திசையில். கொழும்பின் ஈரக் காற்று உடலுக்கு ஒவ்வாமையால் 1892இல் அவர் கண்டிக்குக் குடிபெயர்ந்தார். நாடு திரும்ப அனுமதி வேண்டி மனுக்கள் எழுதிக்கொண்டேயிருந்தார். தோழர்கள் ஒவ்வொருவராகப் பிரிந்தனர். அப்துல் ஆல் ஹில்மி 1891இலும், மஹ்மூத் பஹ்மி 1894இலும், யாகூப் ஸாமி 1900இலும் இத்தீவிலேயே மறைந்தனர். கவிஞர் பாரூதி பிரிவுத் துயரைக் கவிதைகளாக வடித்தார். பிறந்த நாட்டில் விட்டு வந்த மனைவியின் மறைவுச் செய்தி அவரைக் கடல் கடந்தே வந்தடைந்தது. கண்பார்வை மங்கிய நிலையில், 1899இல் அவர் நாடு திரும்பினார்.

ஒராபியின் முறை 1901இல் வந்தது. பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னராக முடிசூடிய இளவரசர் அவ்வாண்டு கண்டிக்கு வந்தபோது, ஒராபி தம் வேண்டுகோளை அவரிடம் முன்வைத்தார். மே மாதத்தில் மன்னிப்பு வந்தது. செப்டெம்பரில் கப்பலேறினார். 41 வயதில் வந்தவர் 60 வயதில் மேற்கு நோக்கிப் பயணமானார்.

கதைகளில் இவ்விடத்தில் மகிழ்ச்சியான முடிவு வரும். வாழ்வில் வரவில்லை. 19 ஆண்டுகளில் எகிப்தில் ஒரு புதிய தலைமுறை வளர்ந்துவிட்டது. முஸ்தபா காமில் போன்ற இளம் தேசியவாதிகள், ஆங்கிலேயர் நாட்டினுள் நுழைவதற்கு ஒராபியின் தோல்வியே காரணம் எனக் கருதினர். முதுமையும் நோயும் சூழ்ந்திருந்த அவர், ஆங்கிலேயரைப் பற்றி இணக்கமாகப் பேசியமை அவர்களின் சினத்தை மேலும் வளர்த்தது. புகழ்பெற்ற கவிஞர் அஹ்மத் ஷவ்கி அவரை எள்ளிக் கவிதை எழுதினார். பறிக்கப்பட்ட சொத்துகள் மீளக் கிடைக்கவில்லை. தம் தரப்பை விளக்கி நினைவுக் குறிப்புகளை எழுதிவிட்டு, 1911 செப்டெம்பர் 21ஆம் திகதி கெய்ரோவில் அவர் கண்மூடினார். 1952இல் நாசர் முதலான இளம் படை அதிகாரிகள் முடியாட்சியை அகற்றிய பின்னரே எகிப்து அவரைத் தன் மாவீரர் வரிசையில் அமர்த்தியது. அரண்மனை முன் அவர் அணிவகுத்து நின்ற செப்டெம்பர் 9ஆம் நாளையே ஷர்க்கியா மாகாணம் இன்று தன் திருநாளாகக் கொண்டாடுகிறது.

அவரின் குறைகளை நாம் மறைக்க வேண்டியதில்லை. கால்வாய் விடயத்தில் அவர் ஏமாந்தார். அரசியல் சூழ்ச்சிகளை அறியாத வெள்ளை மனத்தினராக இருந்தார். ஆனால் ஊரை இழந்த ஒருவர் இவ்வளவு காலம் அதனை மறவாதிருந்து திரும்பி வரும்போது, ஊர் அவரை எவ்வாறு எதிர்கொள்கிறது என்பது அவரின் குறைகளைப் பற்றிய வினா அன்று. ஊரின் பண்பைப் பற்றிய வினா. அந்தச் சோதனையில் அன்றைய கெய்ரோ தேறவில்லை.

இவ்விடத்தில் யாழ்ப்பாணம் தன் பக்கமும் திரும்பிப் பார்க்க வேண்டும். ஒராபியும் தோழர்களும் அணிந்திருந்த துருக்கித் தொப்பி இலங்கை முஸ்லிம்களிடையே பரவி அவர்களின் அடையாளமாயிற்று. 1905இல் சட்டத்தரணி அப்துல் காதர் அத்தொப்பியுடன் உயர் நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் லேயார்ட் ஆட்சேபித்தார். அதனைக் கண்டித்து அவ்வாண்டு டிசம்பர் 31ஆம் திகதி மருதானைப் பள்ளிவாசல் வளவில் பெருங்கூட்டம் நடைபெற்றது. இறுதியில் தொப்பி அணியும் உரிமை வென்றது. தன் சமூகத்தின் மானத்துக்காக நின்ற அந்தச் சட்டத்தரணி, எமது யாழ்ப்பாணத்து முஸ்லிம் மகன்.

நல்லூர்க் கோவிலை அண்டி ஒரு காலத்தில் முஸ்லிம் குடியிருப்பு இருந்தது என்றும், அவர்கள் பின்னர் நாவாந்துறை, சோனகத் தெருப் பக்கம் பெயர்ந்தனர் என்றும் எமது ஊர் வரலாறு கூறும். அத்துணைப் பழமையான அம்மக்களை 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் சில மணி நேர அவகாசத்தில் யாழ்ப்பாணத்தைவிட்டு வெளியேற்றினர். வட மாகாணம் முழுவதிலுமிருந்து அம்மாதத்தில் வெளியேற்றப்பட்டோர் 70,000 பேருக்கும் மேல். சரியாக ஐந்து ஆண்டுகளின் பின், 1995ஆம் ஆண்டின் அதே ஒக்டோபர் 30ஆம் திகதி, போர் நெருங்கி வர, நல்லூர் உட்பட வலிகாமத்துத் தமிழ் மக்கள் இலட்சக்கணக்கில் கொட்டும் மழையில் தென்மராட்சிக்கு நடந்தோம். கையிற் கிடைத்ததை மட்டும் எடுத்துக்கொண்டு வீட்டைப் பூட்டும்போது நெஞ்சு என்ன பாடுபடும் என்பதனை அன்று நாமும் கற்றோம்.

அடுத்த ஆண்டே எம்மில் மிகப் பலர் வீடு திரும்பினோம். புத்தளத்து முகாம்களில் வாழ்ந்த யாழ்ப்பாண முஸ்லிம்களுக்கோ, ஒராபியைப் போல, ஏறத்தாழ இருபது ஆண்டுகள் சென்றன. போர் 2009இல் முடிந்த பின் திரும்பியோர் கண்டவை இடிந்த சுவர்களும் காடு மண்டிய வளவுகளுமே. புத்தளத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு சோனகத் தெரு பெற்றோர் சொன்ன கதையாக மட்டும் இருந்தது. வராதவர்களை ஏன் வரவில்லை என்றும், வந்தவர்களை ஏன் வந்தீர்கள் என்றும் கேட்கும் குரல்கள் எம்மிடையே எழாமல் இல்லை. கெய்ரோ ஒராபியிடம் கேட்டதும் இவ்வகைக் கேள்வியைத்தான்.

1983இன் பின் எம் பிள்ளைகள் மேற்கு நாடுகளுக்குப் பெயர்ந்தனர். லண்டனிலும் பாரிஸிலும் ரொறன்ரோவிலும் இருந்துகொண்டு, நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஊரை நினைந்து ஏங்குகின்றனர். அவர்கள் ஊர் திரும்பும் உரிமையைப் பற்றி நாம் உரத்துப் பேசுகிறோம். வலிகாமம் வடக்கில் படையினர் வசமான காணிகளுக்காகக் குரல் எழுப்புகிறோம். அவை நியாயமானவை. அதே நியாயம் சோனகத் தெருவுக்கும் உண்டு. ஒரே உரிமையை ஒரு கையால் கோரி மறு கையால் மறுப்பவரின் கோரிக்கையை உலகம் மதிக்காது.

மன்னிப்புக் கடிதமும் கப்பல் சீட்டும் ஒராபியை எகிப்தின் கரையில் கொண்டுபோய் விட்டன. அவ்வளவே அவற்றால் இயன்றது. வீடு கட்ட உதவி, காணி உறுதிகளைச் சீர்செய்தல், பாடசாலையிலும் சந்தையிலும் சம இடம், நடந்தது பிழை என்று ஒளிவுமறைவின்றி ஏற்றுக்கொள்ளும் நேர்மை ஆகிய இவையே திரும்பி வருபவரை மீண்டும் ஊரவர் ஆக்கும். அரசு செய்ய வேண்டியவை இவற்றுட் சில. ஏனையவை அயலவராகிய நாம் செய்ய வேண்டியவை. சங்கிலி மன்னன் திரும்பி வராத ஊர் இது. திரும்பி வருபவர்களையாவது அந்நியராக்காதிருப்போம்.